பாடநூல் எழுதுவோருக்கு: குப்பையை இரண்டு பத்திக்குள் அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

குப்பையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதும் பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் ஒரே முகத்தோடுதான் வருகிறது. இரண்டு தொட்டிகளின் படம். அவற்றின் அருகே சிரித்தபடி ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும். கீழே கோடு கிழித்து இரண்டு பத்திகள்: மக்கும் குப்பை, மக்காத குப்பை. பாட முடிவில் ‘வகைப்படுத்துக’ என்று ஒரு பயிற்சி. பழத்தோல், செய்தித்தாள், கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் பை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் தவறு செய்வதில்லை.

நான் ஒரு தரம்பிரிப்புக் கூடத்தில் பதினோரு ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்தவன். அந்தப் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி வீசியெறிந்தவைதான் எங்கள் கன்வேயர் பட்டையில் நாள் முழுதும் ஓடின. எண்ணெய் ஊறிய காகிதம், பாதி குடித்த குப்பிக்குள் திணித்த ஊசி, பழத்தோலோடு ஒட்டிக்கொண்ட பென்சில் மின்கலம். பாடம் படித்ததில் குறையில்லை, பாடத்தில்தான் குறை என்று எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

புரியவைத்தது ஒரு மாணவி. பள்ளியிலிருந்து கூடத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் இருந்தாள். பட்டையின் ஓரத்தில் கிடந்த பானப் பெட்டி ஒன்றைக் காட்டி, “ஐயா, இதை எந்தப் பத்தியில் எழுத வேண்டும்?” என்று கேட்டாள். வெளியே கெட்டித்தாள், உள்ளே பாலிஎத்திலீன் படலம், இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய அலுமினியம். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியது. உடன் வந்த ஆசிரியர் “மக்காதது என்று எழுதம்மா” என்றார். அதன் எடையில் பெரும்பகுதி காகிதம். நான் வாய்திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ‘மக்கும்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். மட்கும் என்பதே திருத்தமான வடிவம் என்று உங்களில் தமிழாசிரியர்கள் சொல்வார்கள்; அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. (பாடம் ஏறாத பிள்ளையை ‘மக்கு’ என்று திட்டும் வழக்கம் இருக்கும்வரை ‘மக்கும் குப்பை’ என்றதும் வகுப்பில் எழும் சிரிப்பை யாராலும் அடக்க முடியாது.) என் குறை வேறு. விறகு எரியும் என்கிறோம். ஈர விறகு எரியாது, காற்றுப் புகாத இடத்தில் காய்ந்த விறகும் எரியாது. எரிவது விறகின் குணம் மட்டும் இல்லை, அடுப்பின் குணமும் அதில் சேர்ந்திருக்கிறது. மட்குவதும் அப்படித்தான். பழத்தோலை மட்கும் பொருள் என்று எழுதிவிட்டு, எங்கே போட்டால் மட்கும் என்பதை எழுதாமல் விட்டால் பாதி வாக்கியம்தான் எழுதியிருக்கிறோம்.

வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் குப்பையை ஆராயத் தொடங்கினார். புதையுண்ட நகரங்களைத் தோண்டுகிறவர்களின் முறையிலேயே பிற்பாடு அவருடைய குழு குப்பைக் கிடங்குகளைத் தோண்டியது. பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள் வெளியே வந்தன, தலைப்பைப் படித்து நாளைச் சொல்லும் நிலையில். உணவுப் பண்டங்கள்கூட அடையாளம் தெரியும்படி இருந்தன. உங்கள் முதல் பத்தியில் தலைமை இடம் பிடித்த பொருள்கள் இவை. மண்போட்டு இறுக்கி மூடிய கிடங்கின் ஆழத்தில் காற்று இல்லை, போதிய ஈரமும் இல்லை. அவை மட்கவில்லை, பதப்பட்டுக் கிடந்தன.

ஈரம் இருந்து காற்று மட்டும் இல்லாவிட்டால் கதை இன்னும் மோசம். அப்போது வேலைக்கு வருபவை காற்றை வெறுக்கும் நுண்ணுயிர்கள். அவை பழத்தோலைத் தின்று மீத்தேனை வெளிவிடும். கிடங்கிலிருந்து எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தை மீத்தேன் பிடித்து வைக்கும். கூடவே அழுகும் பொருளிலிருந்து புளித்த நீர் கசியும். கிடங்கில் கிடக்கும் உலோகங்களையும் வேதிப்பொருள்களையும் கரைத்துக்கொண்டு அது கீழிறங்கும். அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்கும் கிடங்கு ஒரு வகை. வெட்டவெளியில் கொட்டிய மேடு இன்னொரு வகை. பாடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ‘குப்பைக் கிடங்கு’.

அதே தோலை இலைச்சருகோடும் மரத்தூளோடும் அடுக்கிப் பாருங்கள். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, பிழிந்த துணியின் ஈரம் இருந்து, அடிக்கடி கிளறிவிட்டால் குவியல் தானாகச் சூடேறும். உள்ளே கையை வைக்க முடியாது. சூடு 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாள்கள் நின்றால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடிந்துவிடும். சில வாரம் கழித்து மண்வாசனை வீசும் உரம். இன்னும் ஒரு வழியும் உண்டு: காற்றில்லாத கலனில் வேண்டுமென்றே அழுகவிட்டு, கிடங்கில் கேடாகிற அதே மீத்தேனைப் பிடித்து எரிபொருளாக்குவது. ஒரே தோல்தான். கிடங்கில் கேடு, குவியலில் உரம், கலனில் எரிவாயு. இந்த மூன்றையும் ஒரே பத்தியில், ஒரே சொல்லில், ஒரே பச்சைத் தொட்டியில் முடித்துவிடுகிறீர்கள். உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலக நகரக் குப்பையில் உணவும் தழையும் மட்டும் 44 விழுக்காடு. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவான குப்பையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிவதெல்லாம் ‘அது நல்லது’ என்பதுதான்.

ஏனென்றால் உங்கள் பத்திகள் வெறும் வகைப்பாட்டோடு நிற்பதில்லை, நீதியும் சொல்கின்றன. மக்கும் என்றால் நல்ல பிள்ளை. மக்காதது என்றால் கெட்ட பிள்ளை. அந்தக் கெட்ட பிள்ளைகளின் வரிசையில் கண்ணாடியும் அலுமினியமும் நிற்கின்றன. கண்ணாடிக் குப்பியை எத்தனை முறை உருக்கினாலும் அது கண்ணாடிதான், தரம் குறைவதில்லை. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 95 விழுக்காடு, பழைய அலுமினியத்தை உருக்கும்போது மிச்சமாகிறது. நல்ல பிள்ளையான காகிதத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்குமேல் தாளாக நிற்காது. மட்காமல் இருப்பதே சில பொருள்களின் பெருமை. நூறாண்டு மண்ணில் கிடந்த கண்ணாடித் துண்டு காலைக் கிழிக்கலாம். நிலத்தடி நீருக்கு அது நஞ்சில்லை.

இந்த இடத்தில் அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘பொருள்கள் மக்க எடுத்துக்கொள்ளும் காலம்’ என்று பெட்டி கட்டிப் போடுவீர்களே, அது. காகிதம் இத்தனை வாரம், பிளாஸ்டிக் பை இத்தனை நூறு ஆண்டு, கண்ணாடி பத்து லட்சம் ஆண்டு. பிளாஸ்டிக் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியதே 1950ஐ ஒட்டித்தான். ஐந்நூறு ஆண்டு கூடவே உட்கார்ந்து பார்த்தவர் யார்? சில ஆய்வகச் சோதனைகளை நீட்டிக் கணக்கிட்ட மதிப்பீடுகள் கைமாறிக் கைமாறிக் கல்வெட்டாகிவிட்டன. காகிதத்துக்குச் சொல்லும் வாரக் கணக்கை ராத்ஜே குழு தோண்டியெடுத்த செய்தித்தாள்களே பொய்யாக்கிவிட்டன. அந்த எண்களை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள்மேல் கொஞ்சம் உண்டு.

அடுத்தது ‘நெகிழி’. அதை ஒரே பொருளாக எழுதுகிறீர்கள். எங்கள் கூடத்தில் அது பல சாதிசனம்போல, ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை இல்லை. குப்பியின் அடியில் முக்கோணத்துக்குள் ஒன்று முதல் ஏழு வரை எண் இருக்கும். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. 1 என்றால் தண்ணீர்க் குப்பி செய்யும் பெட், 2 கெட்டியான பாலிஎத்திலீன், 3 குழாய் செய்யும் பிவிசி, 4 மெல்லிய பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 ‘மற்றவை’. அந்த எண் சொல்வது பொருள் என்ன என்பதை மட்டுமே. மறுசுழற்சி ஆகும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் சுற்றி ஓடும் மூன்று அம்புகளைப் பார்த்தவர்கள் வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த அம்புகள் 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்த மறுசுழற்சிச் சின்னத்தின் சாயல். குழப்பம் முற்றியபின், 2013இல், அம்புகளை எடுத்துவிட்டுத் திண்மையான முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் எத்தனையோ இடங்களில் ஓடுகின்றன. பாடநூல்களிலும் பழைய படமே.

இந்த ஏழும் கலந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் காட்டிவிடலாம். பெட் துண்டு மூழ்கும். மூடியாக வரும் பாலிபுரோப்பிலீன் மிதக்கும். ஆலைகளில் பிரிப்பதும் இப்படித்தான். ஆனால் பிவிசியும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். ஓரிரு துண்டு போதும், உருகிய தொகுதி முழுதும் மஞ்சள் பாய்ந்துவிடும். ஒளியால் இனம்காணும் எந்திரம் இருக்கிறதே என்பீர்கள். அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். கறுப்புத் தட்டு வந்தால் அதற்குக் கண் தெரியாது. அதிலுள்ள கரித்தூள் கதிரை விழுங்கிவிடுகிறது. விலை உயர்ந்த எந்திரத்தைக் கறுப்புச் சாயம் ஏமாற்றிவிடும் காட்சியைப் பதினோரு ஆண்டு பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவு முழுவதையும் கணக்கிட்டது. மறுசுழற்சி ஆனது சுமார் 9 விழுக்காடு. எரித்தது 12. மீதி 79 விழுக்காடு கிடங்கிலோ வெளியிலோ. ‘மறுசுழற்சி செய்வோம்’ என்று முழக்கம் எழுதச் சொல்லும் பயிற்சியின் பக்கத்திலேயே இந்த எண்ணையும் அச்சிட்டால் பிள்ளைகள் இன்னும் நல்ல கேள்விகள் கேட்பார்கள்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று புதிதாக ஒரு வரி சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து நிதானியுங்கள். தாவர மாவிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலப் பொருள்களுக்கான தரச்சோதனை, தொழில்முறை உரக்கூடத்தில் 58 பாகை அளவிலான சூட்டில் ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைய வேண்டும் என்கிறது. அந்தச் சூடு வீட்டுத் தோட்டத்துக் குழியில் நிற்காது, கடலில் இல்லவே இல்லை. பெட் குப்பிகளோடு கலந்தாலோ அந்தத் தொகுதி முழுவதையுமே கெடுத்துவிடும். ‘மக்கும்’ என்ற சொல் பாதி வாக்கியம் என்றேனே, அது எவ்வளவு விலை வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். நெல்லும் உப்பும்கூடக் குப்பையாகக் குவிந்து கிடந்தன. இன்று நாம் சொல்லும் பொருளுக்கு அந்தப் பழைய பொருள் சரியான விளக்கம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தாள் தனியே இருந்தால் தாள். தோல் தனியே இருந்தால் உரம். இரண்டையும் ஒரே பையில் குவித்து இரண்டு நாள் வைத்தால் தாள் கூழுக்கும் ஆகாது, தோலோடு ஒட்டிய மை உரத்துக்கும் ஆகாது. கிடைப்பது குப்பை. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்பார்கள். காகிதத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

இனி, நீங்கள் எழுதாமலே விட்டவை. இவற்றுக்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

ஒரு பிற்பகல் எங்கள் கூடத்தில் இறுக்கிக் கட்டிய காகிதக் கட்டு ஒன்றிலிருந்து மெல்லிய புகை வந்தது. வெளியே இழுத்துப் போடுவதற்குள் தீ. உள்ளே யாரோ போட்ட பழைய கைப்பேசியின் லித்தியம் மின்கலம், அழுத்தத்தில் நசுங்கியிருக்கிறது. உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்தால் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொள்ளும், தானே சூடேறும், தானே பற்றும். அணைத்தாகிவிட்டது என்று திரும்பினால் மறுபடியும் பற்றும். அன்று யாருக்கும் காயம் இல்லை என்பது எங்கள் நல்லூழ். அந்தக் கைப்பேசியைப் போட்டவர் ‘மக்காதது’ தொட்டியில், பாடத்தில் சொன்னபடி, சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

ஆகவே, மட்குமா மட்காதா என்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது யாரையாவது காயப்படுத்துமா? ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி, மின்கலம், வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து, காலாவதியான மாத்திரை, பாதரசம் உள்ள குழல்விளக்கு. அளவில் கைப்பிடிதான், தீங்கில் மலை. மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவு என்றும் 15 விழுக்காடுதான் ஆபத்தானது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் அந்த 15ஐ 85இல் கலந்துவிட்டால் நூறும் ஆபத்து. எல்லாவற்றையும் நீராவி அழுத்தக் கலத்தில் அவிக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். பிரித்தல் ஏன் தேவை என்று விளக்க இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

எரித்தால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணமும் பாடங்களில் ஒளிந்திருக்கிறது. தரமான எரிஉலை குப்பையின் கன அளவைப் பத்தில் ஒன்றாக்கும், எடையைக் கால்பங்கு அளவாக்கும். எரிந்த வாயு 850 பாகையில் குறைந்தது இரண்டு நொடி நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் போன்ற நஞ்சுகள் வெளியேறும். தெருமுனையில் யாரோ தீ வைக்கும் குவியலுக்கு இந்த இரண்டு நொடியும் கிடையாது, 850 பாகையும் கிடையாது. உலை எவ்வளவு நல்லதானாலும் ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றை அதனால் அழிக்க முடியாது. அவை தனிமங்கள். இடம் மாறும், புகைபோக்கியில் பிடித்த சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலே பிறகு ஆபத்தான கழிவு.

சாம்பல் என்றதும் கியான் சீ என்ற கப்பலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர எரிஉலைச் சாம்பல் சுமார் 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. துறைமுகம் துறைமுகமாகத் துரத்தினார்கள். ஹெய்ட்டி நாட்டின் கொனாயிவ் கரையில், ‘உரம்’ என்று பெயர் சொல்லி, ஏறத்தாழ 4,000 டன்னைக் கொட்டிவிட்டு இரவோடு இரவாக நழுவியது. பெயரை மாற்றி மாற்றிக் கடல்களில் அலைந்து, மீதிச் சாம்பலைக் கடலிலேயே கொட்டித் தீர்த்தது. இத்தகைய அவமானங்களின் பின்தான் 1989இல் பாசல் ஒப்பந்தம் உருவாயிற்று. ஆபத்தான கழிவை நாட்டுக்கு நாடு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வைத்தது. உரம் என்று எழுதி ஒட்டினால் சாம்பல் உரமாகிவிடாது. பிள்ளைகள் இந்தக் கதையை மறக்கமாட்டார்கள், பத்திகளை மறப்பார்கள்.

மின்னணுக் கழிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. தங்கமும் செம்பும் இருப்பதால் மீதியில் ஒரு பெரும் பங்கு திறந்தவெளியில் எரிக்கும் கைகளுக்கும் அமிலத்தில் தோய்க்கும் கைகளுக்கும் போகிறது. அந்தக் கைகளில் சில, உங்கள் நூலைப் படிக்கும் வயதினருடையவை.

எல்லாக் கழிவும் வீட்டிலிருந்தே வருகிறது என்ற எண்ணத்தையும் உங்கள் படம் விதைக்கிறது. இடித்த கட்டடத்தின் காரை, சுரங்கம் தோண்டிய மண், தாதுவை அரைத்து மிஞ்சிய சேறு, ஆலைக் கசடு, கழிவுநீர் நிலையத்து வண்டல் எல்லாம் எங்கே? 2019 சனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். அதுவும் கழிவு மேலாண்மையின் கதைதான். ஒரு பிள்ளை தன் வீட்டுத் தொட்டியை எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் அந்த அணையைத் தொட முடியாது. பொறுப்பு முழுவதையும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பொட்டலத்தை வடிவமைப்பவருக்கும் சட்டம் எழுதுபவருக்கும் பாடத்தில் ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

எனக்குப் பிடித்த கழிவு ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விட மனமில்லை. மருத்துவச் சோதனைக்குப் பயன்படும் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஆறு மணி நேரம். அதன் கழிவை என்ன செய்வார்கள் தெரியுமா? ஈயக் கவசத்துக்குள் பூட்டி வைத்துக் காத்திருப்பார்கள். பத்து அரைவாழ்வு கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு வாரத்தில் அளந்து பார்த்துவிட்டுச் சாதாரணக் கழிவாக அனுப்பிவிடலாம். அணு உலையில் எரிந்த எரிபொருளுக்கு இந்தப் பொறுமை போதாது. அதற்காகப் பின்லாந்தில் 400 மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்து ஓன்கலோ என்ற புதைவிடத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒரு வாரம், இன்னொன்றுக்கு லட்சம் ஆண்டு. இரண்டையும் ‘கதிரியக்கக் கழிவு’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடலாமா?

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பத்திகளின் தலைப்பை மாற்றுங்கள். ‘மக்கும், மக்காத’ என்பதற்குப் பதிலாக, இது இங்கிருந்து எங்கே போகும், அங்கே போய் என்ன ஆகும் என்று கேளுங்கள். விடை ஊருக்கு ஊர் மாறும். மாறட்டும். ஆசிரியரும் பிள்ளைகளும் தங்கள் குப்பை வண்டியின் பின்னால் ஒருநாள் போய்ப் பார்த்து எழுதட்டும். தீங்கு தரும் பொருள்களுக்குப் படத்தில் தனியாக ஓர் இடம் கொடுங்கள். 1880களிலேயே பாரிஸ் நகர நிர்வாகி யூஜின் புபெல் வீட்டுக்கு மூன்று பெட்டி வைக்கச் சொல்லி ஆணையிட்டார்: அழுகுவன ஒன்றில், தாளும் துணியும் ஒன்றில், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடும் ஒன்றில். வீட்டுக்காரர்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு அவர் பெயர்தான். நூற்று நாற்பது ஆண்டு கழித்து நம் பாடம் இரண்டில் நிற்கிறது.

‘குறைத்தல், மீண்டும் பயன்படுத்தல், மறுசுழற்சி’ என்று மூன்றையும் ஒரே வரியில், சம எடையில் எழுதுவதையும் நிறுத்துங்கள். அது ஏணி. 1979இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் ஆட் லான்சிங்க் முன்வைத்த ஏணியில் முதல் படி கழிவே உண்டாகாமல் தடுப்பது. கடைசிப் படி கிடங்கு. மறுசுழற்சி நடுவில் எங்கோ நிற்கிறது. உங்கள் பாடத்திலோ முதல் படிக்கு அரை வரி, நடுப்படிக்கு முழுப்பக்கப் படம்.

படம் என்றேன். அந்தச் சிரிக்கும் சிறுவனும் சிறுமியும் இருக்கட்டும். தொட்டிக்கு மறுபக்கத்தில் இருப்பவரையும் வரையச் சொல்லுங்கள். கையுறை போட்டு, பட்டையின் ஓரத்தில் எட்டு மணி நேரம் நின்று, நொடிக்கொன்றாகக் கடந்து போகும் பொருள்களில் எது பெட், எது பிவிசி என்று ஓசையாலேயே சொல்லிவிடும் பெண்கள் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். நசுக்கினால் எழும் நொறுநொறுப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் சொல்லிக்கொடுத்தது. பள்ளிப் பாடத்தில் அவர்கள் வருவதே அரிது; வந்தாலும் ‘துப்புரவாளருக்கு நன்றி சொல்வோம்’ என்று கடைசியில் வருகிறார்கள். நன்றி இருக்கட்டும், அவர்களுடைய அறிவைப் பாடமாக எழுதுங்கள். மூடியைத் திருகி எடுத்துவிட்டுக் குப்பியைக் கவிழ்த்து வடித்தால் அவர்கள் வேலை எவ்வளவு எளிதாகும் என்று எழுதுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதி ஒட்டுவது யாருடைய விரலைக் காக்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்த பதிப்புக்குள் இவ்வளவும் மாற்ற இயலாது என்பது எனக்குத் தெரியும். குழு கூட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், பக்க எண்ணிக்கை கூடக் கூடாது. அப்படியானால் இரண்டே இரண்டு செய்யுங்கள். மக்கும் காலத்தைச் சொல்லும் அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள்; பக்கமும் மிச்சமாகும். அந்த இடத்தில், பயிற்சியில் ஒரு பானப் பெட்டியின் படத்தைச் சேர்த்து, அருகில் விடைக்கு நாலு வரி வெற்றிடம் விடுங்கள். ஆசிரியர் கையேட்டில் அதற்கு விடை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
தரம்பிரிப்புக் கூடத்து முன்னாள் மேற்பார்வையாளன்